சாயம் வெளுப்பது சான்றாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கண்ணுறு ஒளியில் (கண்ணுக்குத் தெரியும் ஒளியில்) வேலை செய்யும் ஒளிவினையூக்கி, அதாவது ஒளி பட்டால் மாசைச் சிதைக்கும் தூள், பற்றிய செய்திகளில் ஒரே படம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: ஒரு குடுவையில் நீலச் சாயம், பக்கத்தில் தெளிந்த நீர். அதை மட்டும் வைத்து 'வெயிலே தண்ணீரைச் சுத்தமாக்கும்' என்று தலைப்பிடுவது அவசரம்.

பரவலாகப் பயன்படும் ஒளிவினையூக்கியான டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் என்ற படிக வடிவத்துக்கு ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானைக் கிளர்த்த ஒளி தர வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) 3.2 எலக்ட்ரான் வோல்ட். சுமார் 387 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீள ஒளி அதற்குப் பயன்படாது; புறஊதா மட்டுமே உதவும். தரையை எட்டும் சூரிய ஆற்றலிலோ புறஊதாவின் பங்கு 5 சதவீதம் அளவுதான். நைட்ரஜன் கலந்த டைட்டானியம் டை ஆக்சைடு, ஆற்றல் இடைவெளி குறைந்த கார்பன் நைட்ரைடு (2.7 எலக்ட்ரான் வோல்ட்), பிஸ்மத் வனடேட் (2.4) ஆகியவற்றை நாடுவது இதனால்தான்.

சிக்கல் சோதனையில் இருக்கிறது. அந்த நீலச் சாயமான மெத்திலீன் நீலம் 664 நானோமீட்டரை ஒட்டிய கண்ணுறு ஒளியைத் தானே உறிஞ்சும். கிளர்ந்த எலக்ட்ரானைப் பக்கத்து வினையூக்கித் துகளிடம் கொடுத்துவிட்டுத் தானே சிதையும். துகள் கண்ணுறு ஒளியைத் தொடாவிட்டாலும் நிறம் போகும். வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடுகூட இப்படித் 'தேறிவிடும்'. போதாததற்கு, கரைசலில் ஆக்சிஜன் குறைந்தால் இந்தச் சாயம் நிறமற்ற வடிவத்துக்கு மாறும். காற்றைச் செலுத்தினால் மறுபடி நீலமாகும். அங்கே எதுவும் அழியவில்லை.

விளக்கை ஏற்றுமுன் தூளையும் கரைசலையும் இருட்டில் 30 முதல் 60 நிமிடம் கலக்க வேண்டும். இல்லையேல் துகளில் வெறுமனே ஒட்டிக்கொண்டதும் சிதைவுக் கணக்கில் சேரும். விளக்கின் முன் 420 நானோமீட்டருக்குக் கீழான ஒளியைத் தடுக்கும் வெட்டு வடிகட்டி, தூள் இல்லாத ஒரு குடுவை, ஒளி இல்லாத ஒரு குடுவை இவை கட்டாயம். சாயத்துக்குப் பதில் நிறமற்ற பொருள் வேண்டும். பலரும் ஃபீனாலை எடுக்கிறார்கள். ஆனால் அது டைட்டானியம் டை ஆக்சைடின் மேற்பரப்பில் பிணைந்து கண்ணுறு ஒளியைக் கொஞ்சம் உறிஞ்சத் தொடங்கும். அசிட்டிக் அமிலத்தை வைத்து வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளப்பது இதைவிடப் பத்திரம். எங்கள் பார்வையில் தீர்ப்பு சொல்லத்தக்கது வேறொன்று: 365, 405, 450, 520 நானோமீட்டர் எல்.இ.டி.க்களைத் தனித்தனியே பயன்படுத்தி, வினைவேகம் தூளின் உறிஞ்சு நிறமாலையை (எந்த அலைநீளத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை) பின்தொடர்கிறதா என்று பார்ப்பது. சாயத்தின் நிறமாலையைப் பின்தொடர்ந்தால் பாராட்டு சாயத்துக்குத்தான் போக வேண்டும்.

இந்தத் தூள்களின் தயாரிப்பிலும் விலை கொடுக்காமல் எதுவும் வராது. மூடியிட்ட மூசையில் (உயர்வெப்பம் தாங்கும் கிண்ணத்தில்) 10 கிராம் மெலமைன் என்ற நைட்ரஜன் சேர்மத்தை நிமிடத்துக்கு 2 முதல் 5 டிகிரி வீதம் 550 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றி 4 மணி நேரம் வைத்தால் மஞ்சள் கார்பன் நைட்ரைடு கிடைக்கும். மூடி இல்லாவிட்டால் மெலமைன் ஆவியாகிப் பெரும்பகுதி போய்விடும். அம்மோனியா வெளிவருவதால் உலைக்குப் புகைபோக்கி அவசியம். இந்தக் கட்டியின் மேற்பரப்பு கிராமுக்கு 10 சதுர மீட்டர் அளவே. பொடித்துப் பரப்பி, காற்றில் 500 டிகிரியில் 2 மணி நேரம் மறுபடி சூடாக்கினால் அதன் மெல்லிய அடுக்குகள் தாள்களாகப் பிரிந்து மேற்பரப்பு பெருகும். ஆனால் எடை வெகுவாகக் குறையும், ஆற்றல் இடைவெளியும் சற்று விரியும். எந்த ஒளிக்காக அதைச் செய்தோமோ அதில் ஒரு பங்கு கைநழுவும்.

இனி இத்தகைய செய்தி வரும்போது எந்த விளக்கு, எந்த வடிகட்டி, எந்தப் பொருளைச் சிதைத்தார்கள் என்ற மூன்றையும் கேட்டு ஒரு வரியாவது சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பொருளறிவியல் ஆய்வாளர்கள் சிலர்