அரசு ஒப்பந்தங்களில் ஜியோபாலிமர் கான்கிரீட்டுக்கும் இடம் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
கட்டுமானப் பொருள் பரிசோதனைக் கூடப் பொறியாளர்

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
பொதுப்பணித் துறை

பொருள்: முன்வார்ப்புக் (தொழிற்கூடத்திலேயே வார்த்துக் கொண்டுவரும்) கான்கிரீட் பொருள்களுக்கான விவரக்குறிப்பைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நடைபாதைக் கற்களுக்கான ஓர் ஒப்பந்தப்புள்ளிக்கு எங்கள் கூடத்தில் சில கற்களைச் சோதித்துக் கொடுத்தோம். அமுக்க வலிமையிலும் தேய்மானத்திலும் தேறிய அந்தக் கற்கள் திரும்பி வந்துவிட்டன. படிவத்தில் 'சிமென்ட் தரம்' என்ற கட்டம் காலியாக இருந்ததுதான் காரணம். அந்தக் கற்களில் சிமென்டே இல்லை, எதை எழுதுவது? அந்த ஒரு கட்டத்துக்காகவே இந்த மனுவை எழுதுகிறேன்.

அவை அனல்மின் நிலையச் சாம்பலும் இரும்பு உலைக் கசடும் சேர்த்துச் செய்த ஜியோபாலிமர் கற்கள். சாம்பலிலும் கசடிலும் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் காஸ்டிக் சோடா, சோடியம் சிலிகேட் கரைசலில் கரைந்து, மறுபடி ஒன்றோடொன்று பின்னிக் கல்லாக இறுகுகின்றன. சுண்ணாம்புக்கல்லைச் சுடும் வேலையே இதில் இல்லை. சிமென்டுக்கோ உலையில் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். எரிபொருளின் புகையை விடுங்கள், 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல் சுடப்படும்போது அந்தக் கல்லிலிருந்தே 44 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. எவ்வளவு நல்ல உலை கட்டினாலும் இது குறையாது. உலகின் மொத்தக் கரியமில வாயு வெளியீட்டில் 7 முதல் 8 சதவீதம் சிமென்டிலிருந்து வருவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

மறுபக்கம், சாம்பல் குளம் குளமாகத் தேங்கிக் கிடக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்டன் மின்நிலையச் சாம்பல் குளத்தின் கரை 2008 டிசம்பரில் உடைந்து, ஆறும் வீடுகளும் சாம்பல் சேற்றில் மூழ்கின. அப்படிக் கரை கட்டிக் காக்கும் பொருளில் ஒரு பகுதியையாவது கல்லாக்கலாம் என்றால், நாம் ஏன் தயங்க வேண்டும்?

இது நேற்று வந்த யோசனையும் அல்ல. உக்ரைனின் கீவ் நகரில் குளுகோவ்ஸ்கி என்ற விஞ்ஞானி 1950களிலேயே கசடைக் காரக் கரைசலால் இறுகவைத்துக் காட்டினார். 'ஜியோபாலிமர்' என்ற பெயரை 1970களில் பிரான்சின் வேதியியலாளர் ஜோசப் டேவிடோவிட்ஸ் சூட்டினார். ஆஸ்திரேலியாவில் 2014-ல் திறக்கப்பட்ட வெல்கேம்ப் விமான நிலையத்தில், விமானங்கள் நிற்கும், திரும்பும் தளங்களுக்குச் சுமார் 40,000 கன மீட்டர் ஜியோபாலிமர் கான்கிரீட் போட்டார்கள். விமானத்தைத் தாங்கும் பொருள் நடைபாதையில் நடப்பவரைத் தாங்காதா?

சிக்கல்களையும் மறைக்கமாட்டேன். சாம்பல் நிலையத்துக்கு நிலையம், சில நேரம் லோடுக்கு லோடுகூட மாறும். சுண்ணாம்புச் சத்து குறைந்த சாம்பலை மட்டும் வைத்துச் செய்தால் 60 டிகிரி வாக்கில் சூடு காட்ட வேண்டியிருக்கும். கசடு சேர்த்தால் சாதாரண வெப்பத்திலேயே இறுகும், ஆனால் கையாள நேரம் தராமல் சட்டென்று இறுகிவிடவும் கூடும். சோடா அதிகமானால் கல்லின் மேல் வெள்ளை பூக்கும். சோடியம் சிலிகேட் தயாரிக்கவும் எரிபொருள் செலவாகிறது என்பதால், கரைசலை அளவோடு சேர்த்தால்தான் கரியமில வாயுவில் உண்மையான மிச்சம் கிடைக்கும். எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை, கலவை போடும் தொழிலாளியின் கையும் கண்ணும்தான். காஸ்டிக் சோடா தோலை அரித்துவிடும். அதனால்தான் வீடு கட்டும் இடங்களுக்கு இதை இப்போது கேட்கவில்லை. தொழிற்கூடத்தில் வார்க்கும் நடைபாதைக் கல், ஓரக்கல், வடிகால் மூடி ஆகியவற்றுக்கு மட்டுமே கேட்கிறேன்.

எனவே, இந்தப் பொருள்களுக்கான விவரக்குறிப்பில் 'சிமென்ட் தரம்' கட்டாயம் என்பதை எடுத்துவிட்டு, வலிமை, தேய்மானம், நீர் உறிஞ்சும் அளவு ஆகியவற்றில் தேறினால் போதும் என்று திருத்த வேண்டுகிறேன். ஒவ்வொரு லோடு சாம்பலுக்கும் சோதனைச் சான்றும், தொழிலாளர்களுக்குக் கையுறையும் கண் கவசமும் கட்டாயம் என்ற நிபந்தனைகளை அதிலேயே சேர்த்துவிடலாம். முதலில் ஒரே ஒரு நடைபாதையில் பாதிக்குச் சிமென்ட் கல், பாதிக்கு ஜியோபாலிமர் கல் பதித்து, சில ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் உத்தரவிடுங்கள்.

திரும்பி வந்த கற்கள் எங்கள் கூடத்தில்தான் இருக்கின்றன. தாங்கள் நாள் குறித்தால், சோதனை அறிக்கைகளோடு அவற்றைத் தங்கள் அலுவலகத்துக்கே கொண்டுவந்து காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)