ரெசிஸ்டரில் ஆடாத சார்ஜர் பேட்டரியில் ஆடுகிறது

அனுப்புநர்:
சோலார் விளக்கு மற்றும் ஸ்பிரேயர் சர்வீஸ் கடை,
கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 14.6 வோல்ட், 10 ஆம்பியர் சிசி-சிவி (முதலில் கரண்டையும் பிறகு வோல்டேஜையும் நிலையாகப் பிடிக்கும்) சார்ஜர்களில் கரண்ட் நிலையாக நிற்காதது. "பழுது இல்லை" என்று திருப்பி அனுப்பியது.

ஐயா,

ஆவணி மாதம் உங்கள் சார்ஜர் மூன்று வாங்கினேன். மூன்றிலும் ஒரே கோளாறு. இரண்டைக் கூரியரில் அனுப்பினேன். பத்து நாள் கழித்து அதே அட்டைப்பெட்டியில் திரும்பி வந்தன. உள்ளே ஒரு சீட்டு: "2 ஓம் லோடில் அரை மணி நேரம் சோதிக்கப்பட்டது. 5 ஆம்பியர் சீராக உள்ளது. பழுது இல்லை."

உங்கள் ஆள் பொய் எழுதவில்லை. நானும் 2 ஓம் ரெசிஸ்டர் போட்டுப் பார்த்தேன், கல்லு மாதிரி நிற்கிறது. ஆனால் ரெசிஸ்டரைச் சார்ஜ் பண்ணவா இதை வாங்கினேன்?

என் மேசையில் நடப்பது வேறு. தெருவிளக்கிலிருந்து கழற்றி வரும் 12.8 வோல்ட், 30 ஏஹெச் லித்தியம் பாஸ்பேட் பேக்கை மாட்டி, கரண்டை 5 ஆம்பியரில் வைத்தால், ஒரு நிமிடத்துக்குள் உள்ளே இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) "ஙொய்ங்" என்று கத்த ஆரம்பிக்கிறது. உங்கள் டிஸ்பிளே 5.0 என்றுதான் காட்டும், அது சராசரி. ஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) வைத்தால் கரண்ட் 3 ஆம்பியருக்கும் 7 ஆம்பியருக்கும் நடுவே விநாடிக்குச் சுமார் 600 தடவை ஏறி இறங்குகிறது. 14.6 வோல்ட் நெருங்கும்போது இன்னும் மோசம். சிசிக்கான சிவப்பு விளக்கும் சிவிக்கான பச்சை விளக்கும் ஒன்றையொன்று துரத்துகின்றன. கரண்ட் மெதுவாகக் குறைந்து அடங்க வேண்டிய நேரத்தில் அடங்குவதே இல்லை.

போனில் பேசியவர் "பிஎம்எஸ் கட் ஆகும் சார், பேக்கை மாத்திப் பாருங்க" என்றார். சரி, மாற்றிப் பார்த்தேன். பிஎம்எஸ்ஸே (பேக்குக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்) இல்லாத லெட்-ஆசிட் கார் பேட்டரியில், வோல்டேஜை 14.4-க்கு இறக்கி வைத்தும் அதே கத்தல். அப்புறம் வயர் மெலிதோ என்று சந்தேகப்பட்டு, தடிமனான குட்டை வயர் போட்டேன். குறையும் என்று பார்த்தால் கூடிவிட்டது! அங்கேதான் விஷயம் பிடிபட்டது. அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பேட்டரியோடு சீரிஸில் மாட்டினேன். காயில் சத்தம் அப்படியே நின்றது.

தடை கூடினால் அடங்குகிறது, குறைந்தால் ஆடுகிறது. பேட்டரியின் உள்தடையும் வயரும் சேர்ந்து என் மேசையில் சுமார் 0.06 ஓம். வோல்டேஜ் 0.06 வோல்ட் நகர்ந்தாலே கரண்ட் 1 ஆம்பியர் மாறிவிடும். உங்கள் 2 ஓம் லோடில் அதே 1 ஆம்பியருக்கு 2 வோல்ட் நகர வேண்டும். அதாவது பேட்டரியை மாட்டியதும் கரண்டை அளந்து அளந்து திருத்தும் லூப்பின் கெயின் (பெருக்கம்) முப்பது மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. ரெசிஸ்டரில் தூங்குகிற லூப், பேட்டரியில் பேயாட்டம் ஆடுவது இதனால்தான். அரை மணி இல்லை, அரை நாள் ரெசிஸ்டரில் ஓட்டினாலும் இது உங்கள் கண்ணில் படாது.

வாரண்டி போனால் போகட்டும் என்று ஒன்றைத் திறந்தேன். கரண்டைப் பார்க்கிற ஆப்-ஆம்ப் (பெருக்கி ஐசி) எல்எம்358. அதன் அவுட்புட்டுக்கும் மைனஸ் இன்புட்டுக்கும் நடுவே போர்டில் கெப்பாசிட்டருக்கு சி14, ரெசிஸ்டருக்கு ஆர்22 என்று இரண்டு இடம் அச்சடித்திருக்கிறீர்கள். இரண்டும் காலி. ஈயம்கூடப் படாத பளபளக்கும் பேட். வரைந்தவருக்கு இது தேவை என்று தெரிந்திருக்கிறது. அசெம்பிளிக்குப் போகும் வழியில் யாரோ இரண்டு ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

அந்த இடத்தில் வெறும் 1 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தேன், சத்தத்தின் சுருதி மாறியதே தவிர நிற்கவில்லை. 47 நானோ ஃபாரட்டோடு 10 கிலோ ஓம் சீரிஸில் வைத்ததும் ஸ்கோப்பில் கோடு நேராகிவிட்டது. சிசியிலிருந்து சிவிக்கு ஒரே தடவை மாறி, பச்சை நிலையாக நின்றது. ஆனால் இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பேட்டரியை மாட்டும் கணத்தில், சும்மா இருந்த ஆப்-ஆம்ப் விழித்துக்கொள்ள நேரம் எடுப்பதால், கரண்ட் ஒரு துள்ளு துள்ளி 13 ஆம்பியரைத் தொட்டு இறங்குகிறது. ஒரு கிளாம்ப் டயோடு போட்டுச் சரிக்கட்டலாம் என்று நினைக்கிறேன். அதை யோசிக்க வேண்டியது நானா, உங்கள் டிசைன் பிரிவா?

அரை ஓம் ரெசிஸ்டரை நிரந்தரமாக வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லாதீர்கள். 5 ஆம்பியரில் அது பன்னிரண்டரை வாட் சூட்டைக் கக்குகிறது, கை வைக்க முடியவில்லை. கடைசிக் கட்டத்தில் சார்ஜ் ஏறும் நேரமும் இழுத்துக்கொண்டே போகிறது.

திறந்த யூனிட்டை நானே வைத்துக்கொள்கிறேன், அதற்கு எதுவும் கேட்கவில்லை. மற்ற இரண்டின் சீலும் உடையவில்லை. அவற்றுக்குப் பதில் லூப் ஆடாதபடி சரியாகக் காம்பன்சேஷன் செய்த போர்டுள்ள சார்ஜர் வேண்டும், இல்லையென்றால் பணம் திரும்ப வேண்டும். போக வரக் கூரியர் செலவும் உங்களுடையது. "பழுது இல்லை" என்ற சீட்டைத் திருத்தி எழுத்தில் அனுப்புங்கள். என் வாடிக்கையாளர் இருவர் அதைப் பார்த்துவிட்டு என்னைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். "கடைக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார்" என்று சொல்லிப் பார்க்க வேண்டாம். பிழைப்புக்காகத் தானே வாங்கித் தானே பயன்படுத்துபவரையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது.

இரண்டு யூனிட்டும் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. தயவுசெய்து இந்தத் தடவை ஒரு பேட்டரியை மாட்டிப் பாருங்கள். ஸ்கோப்கூட வேண்டாம், காதைக் கிட்டே வைத்தால் போதும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்

இணைப்பு: பில் நகல், உங்கள் சோதனைச் சீட்டின் நகல், ஸ்கோப் திரைப் படங்கள் நான்கு, காலியான சி14 இடத்தின் படம்.