2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் ஆண்டறிக்கை: சிலிண்டர் விலையும் வராத மானியமும்

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அண்ணாச்சிமார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, வாறுகால், குடிதண்ணீர் மனுக்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது தனித்தாளில் இருக்கிறது. இந்த ஆண்டு சங்கத்துக்கு அதிகம் வந்தது சிலிண்டர் விவகாரம் என்பதால் அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

2025 ஏப்ரல் 8 முதல் 14.2 கிலோ சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏறியது. சென்னை விலை 818.50-இலிருந்து 868.50 ஆனது. லாரி வாடகையைப் பொறுத்து ஊருக்கு ஊர் இது சற்று மாறும். ஏழைக் குடும்பப் பெண்களுக்கு மத்திய அரசு தரும் உஜ்வாலா எரிவாயு இணைப்புக்கும் இதே ஏற்றம்தான். உஜ்வாலா மானியம் 2022 மே மாதத்தில் 200 ரூபாயாகத் தொடங்கி, 2023 அக்டோபரில் 300 ஆனது. ஆனால் ஆண்டுக்கு 12 சிலிண்டர் என்றிருந்த வரம்பு, 2025-26 நிதியாண்டுக்கு 9 ஆகிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உடைமர விறகு நனைந்து, கேஸையே நம்பும் வீடுகளுக்குத்தான் இந்த மூன்று சிலிண்டர் குறைந்தது உறைக்கும். கடையில் 300 ரூபாயைக் கழித்துக்கொண்டு தருவதில்லை. முழுப்பணம் கொடுத்து வாங்க வேண்டும், மானியம் பிறகு வங்கிக்கு வரும். வாரக்கூலிக் குடும்பத்துக்கு அந்த முன்பணமே பாதிச் சிக்கல்.

“எங்களுக்கு ஏன் மானியம் வரவில்லை” என்று கேட்டவர்களில் பலருடைய இணைப்பு உஜ்வாலாவே அல்ல. 2006-2011 ஆட்சிக்காலத்தில் மாநில அரசு இலவச அடுப்போடு எரிவாயு இணைப்பும் கொடுத்தது. மத்திய அரசின் உஜ்வாலா வந்தது 2016 மே மாதத்தில். வீட்டில் ஏற்கெனவே இணைப்பு இருந்தால் உஜ்வாலா கிடையாது என்பது விதி. ஆக, உஜ்வாலாவுக்குப் பல ஆண்டு முன்னதாகவே விறகடுப்பை விட்ட ஏழைக் குடும்பம் சாதாரண நுகர்வோர் கணக்கில் நிற்கிறது. சாதாரண இணைப்புக்கான மானியமோ 2020 மே மாதத்தோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. இதில் ஏஜென்சிக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவர் கையில் எதுவும் இல்லை. நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பது செயற்குழுவின் கருத்து.

புதிதாகத் தனிக்குடித்தனம் போகிறவர்களுக்கு வழி உண்டு. 2025 செப்டம்பரில் நாடு முழுவதும் மேலும் 25 லட்சம் உஜ்வாலா இணைப்புகளுக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது. விண்ணப்பிக்க வேண்டியது வீட்டிலுள்ள பெண். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். மருமகளின் பெயர் மாமியார் ரேஷன் கார்டிலேயே இருந்து, அந்தக் கார்டில் கேஸ் இருந்தால் மனு தள்ளுபடியாகும். ஆகையால் முதலில் ஆதாரில் முகவரி மாற்றம், அடுத்து பழைய கார்டில் பெயர் நீக்கம், பிறகு புதிய ஸ்மார்ட் கார்டு, அதன்பின் உஜ்வாலா மனு என்று வரிசை தப்பாமல் போக வேண்டும். புதிய கார்டு கொடுக்குமுன் தனிச்சமையல் நடக்கிறதா என்று பார்க்க வருவார்கள். கார்டு வரத் தாமதமாகிறதே என்று நடுவில் 2,200 ரூபாய் டெபாசிட்டும் ரெகுலேட்டருக்கு 250-ம் கட்டிச் சாதாரண இணைப்பு வாங்கிவிட்டால் உஜ்வாலா கதவு மூடிவிடும். அதுவரை சமாளிக்க, அடையாள அட்டை மட்டும் காட்டி 5 கிலோ ‘சோட்டு’ சிலிண்டர் வாங்கலாம். சந்தை விலைதான், மானியம் இல்லை. உஜ்வாலாவிலேயே தரும் 5 கிலோ சிலிண்டர் வேறு. அதற்கு எடைக்கேற்ற மானியம் உண்டு. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 105 ரூபாய்.

உஜ்வாலா அட்டை இருந்தும் பணம் வராதவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்.

முதலாவது இ-கேஒய்சி, அதாவது விரல்ரேகையோ முகமோ பதிந்து ஆதார் வழியாக ஆளை உறுதிசெய்வது. உஜ்வாலாவுக்கு நிதியாண்டுக்கு ஒருமுறை இதை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் 8, 9ஆம் சிலிண்டர்களின் மானியம் நிறுத்திவைக்கப்படும். மார்ச் 31 தாண்டினால் அது போனதுதான். மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு இங்கேதான் தடங்கல். நாள் முழுக்க இலையை உருட்டி, நுனியை நகத்தால் மடக்கி மடக்கிப் பெருவிரல், ஆள்காட்டி விரல் ரேகை தேய்ந்துபோகிறது. போதாததற்குப் புகையிலைத் தூள் வேறு ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, விரலை நன்றாகத் துடைத்து, மோதிர விரலையோ சுண்டு விரலையோ வைத்துப் பாருங்கள். பத்து விரலில் எது பதிந்தாலும் போதும். எதுவுமே பதியாவிட்டால், அந்தந்த எண்ணெய் நிறுவனத்தின் செயலியோடு ‘ஆதார் ஃபேஸ் ஆர்டி’ செயலியையும் போனில் இறக்கி முகப்பதிவு செய்யலாம். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது, கேட்கும்போது கண் சிமிட்ட வேண்டும். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் செய்ய வேண்டும். அவர் இறந்திருந்தால் முதலில் பெயர் மாற்றம். இந்த வேலைக்குக் கட்டணம் கிடையாது. ரப்பர் குழாய் வாங்கினால்தான் பதிவோம் என்று யாராவது சொன்னால் 1800-2333-555 எண்ணில் புகார் செய்யுங்கள்.

இரண்டாவது, பணம் வேறு கணக்குக்குப் போவது. ஆதார் வழியாக வரும் மானியம், ஏஜென்சியில் கொடுத்த பாஸ்புக்கைப் பார்த்து வராது. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கி இணைந்ததோ அங்கே போகும். சிம் கார்டு வாங்கும்போது விரல் வைத்ததில், தெரியாமலே திறந்த கணக்குகளுக்கு மானியம் போனது 2017-இல் நாடறிந்த விவகாரம். இப்போதும் கைபேசி வங்கி, தபால் வங்கி என்று கணக்குகள் பெருகிக்கிடக்கின்றன. மைஎல்பிஜி தளத்தில் 17 இலக்க எல்பிஜி எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நிலவரம் தெரியும். ‘அனுப்பப்பட்டது’ என்றிருந்தால் ஏஜென்சிக்கு அலைய வேண்டாம். ஆதார் தளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பாருங்கள். மகளிர் உரிமைத்தொகை விழும் கணக்கிலேயே இதுவும் கிடப்பதுண்டு. ஆதார் வழியில் அல்லாமல் கணக்கு எண் வழியில் பதிந்தவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி: பாண்டியன் கிராம வங்கி 2019 ஏப்ரலில் தமிழ்நாடு கிராம வங்கியானது. பழைய பாஸ்புக்கைக் கொடுத்திருந்தால் வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி எண் சரியாக இருக்கிறதா என்று கிளையில் கேளுங்கள். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத கணக்கும் முடங்கிவிடும். கேஒய்சி எனும் அடையாளச் சான்றுகளைக் கொடுத்து உயிர்ப்பிக்க வேண்டும்.

விலைச்சுமையில் எடைக் குறைவும் சேர்ந்தது. சிலிண்டரின் மேல்வளையத்தில் வெற்று எடை எழுதியிருக்கும். அதோடு 14.2-ஐக் கூட்டினால் வர வேண்டிய மொத்த எடை. கொண்டுவருகிறவரிடம் தராசு இருக்க வேண்டும்; கேட்டால் தொங்கவிட்டுக் காட்டுவது அவர் கடமை. வீட்டு வாசல்வரை கொண்டுவரும் கூலி பில் தொகைக்குள்ளேயே அடக்கம். மாடிக்கு ஏற்றியதற்கு அவரவர் மனசாரக் கொடுப்பது வேறு, கேட்டு வாங்குவது வேறு.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்கள். ஒன்று, மாநில அரசுத் திட்டத்தில் இணைப்புப் பெற்ற வறிய குடும்பங்களையும் 300 ரூபாய் மானியத்தில் சேர்க்கக் கோரி பெட்ரோலிய அமைச்சகத்துக்கும், மாவட்ட ஆட்சியர் வழியாக மாநில அரசுக்கும் மனு. மற்றொன்று, மார்ச் 31-க்குள் பீடி சுற்ற இலை கொடுக்கும் பீடிக்கடை இருக்கும் தெருக்களிலேயே முகப்பதிவு முகாம் நடத்த ஏஜென்சிகளைக் கேட்பது.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்,
பாளையங்கோட்டை