ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் மற்ற எல்லோருக்கும்

நேற்று ராத்திரி எல்லோரும் மறுபடி ஒரே அறையில் உட்கார்ந்து படித்தோம். வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். இந்தக் குளிர்காலத்தில் படிக்க இடமில்லாமல் நம் வகுப்பு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்பக் கிளற வேண்டாம். வடக்கு லண்டனில் வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள் பட்டமோ பரீட்சையோ இல்லாமல், ஆசைக்காக மட்டும் யூத நூல்களைப் படிக்கிற ஒரு சின்ன மாலை வகுப்பு. அது நின்றுபோகவில்லை.

முதல் நன்றி ஜெராக்ஸ் கடைக்காரருக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.

யூதச் சட்ட விவாதங்களின் பெரிய தொகுப்பான தால்முத்தின் பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுவில் மூலம், சுற்றிலும் உரைகள். பிரான்ஸின் த்ருவா நகரில் வாழ்ந்து 1105இல் இறந்த ராஷியின் உரை எப்போதும் புத்தகத்தின் மடிப்பை ஒட்டி, பொடி எழுத்தில் இருக்கும். நகல் எடுத்தால் முதலில் கறுத்துப் போவது அந்தப் பகுதிதான். ராஷி துணை இல்லாமல் எங்களைப் போன்ற புதியவர்களால் ஒரு வரி நகர முடியாது. புத்தகங்கள் எல்லாம் பெட்டிக்குள் போன பிறகு, வாராவாரம் எடுக்கிற அந்த நகல்தான் வகுப்பே. ஒரு வாரம் நகல்களை வாங்கிப் பார்த்தால் ராஷி முழுசாக இருக்கிறார். மடிப்பை விரித்து அழுத்திப் பிடித்து, பக்கம் பக்கமாக எடுத்து, பெரிய தாளில் பெரிதாக்கி, ஓரத்தில் குறிப்பு எழுத இடமும் விட்டிருக்கிறார் மனிதர். வலமிருந்து இடமாகப் போகிற எழுத்து என்பதைக் கவனித்து ஸ்டேப்ளரை வலது பக்கம் அடித்திருக்கிறார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதில் ஓர் எழுத்துகூட அவருக்குப் படிக்கத் தெரியாது. எங்களில் பார்வை மங்கிய ஒரு பாட்டி அன்றைக்குப் பூதக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

இன்னொன்றும் செய்தார். கடவுளின் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடுவது யூத வழக்கம் இல்லை, சேர்த்து வைத்து மண்ணில் புதைப்பார்கள். கடையில் நாங்கள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். மெஷினில் சிக்கிக் கசங்கின தாள், பாதி அச்சான தாள் எல்லாவற்றையும் ஒரு பழுப்பு உறையில் சேர்த்து வைத்திருந்து, போன வாரம் என் கையில் கொடுத்தார். எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை.

அப்புறம் மற்ற எல்லோருக்கும்: வீட்டுக் கூடத்தைத் திறந்துவிட்டவர்கள், நாற்காலி சுமந்தவர்கள், இரண்டு இரண்டு பேராகச் சத்தம் போட்டு வாதாடிப் படிக்கிற எங்கள் ஹவ்ருத்தா முறையைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டார், தன் சிறிய கூடத்தை ஞாயிறு தவிர எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்ற தேவாலயத்தார், வாசலில் குளிரில் காவல் நின்ற இளைஞர்கள், சம்பளப் பேச்சையே எடுக்க விடாத எங்கள் ஆசிரியை. உங்களில் யார் செய்ததும் சின்ன உதவி இல்லை.

அந்த மாதங்களில் எங்களுக்குள்ளேயே மனக்கசப்பும் வந்தது, மறைப்பானேன். ஆனால் அப்போது நாங்கள் படித்துக்கொண்டிருந்தது தால்முத்தில் எருவின் என்ற பகுதியின் 13ஆம் பக்கம். பழங்கால யூத அறிஞர்களின் இரு அணிகளான ஹில்லேல் பள்ளியும் ஷம்மாய் பள்ளியும் மூன்று வருஷம் வாதிட்ட பிறகு, இரண்டும் உயிருள்ள கடவுளின் சொற்களே, ஆனால் சட்டம் ஹில்லேல் பக்கம் என்று வானிலிருந்து குரல் வருகிற இடம். காரணம் என்ன என்று தால்முத்தே கேட்கிறது. அவர்கள் இதமானவர்கள், எதிராளியின் கருத்தைத் தங்கள் கருத்துக்கு முன்னால் சொன்னவர்கள் என்கிறது. அதைப் படித்த பிறகு எங்கள் கூட்டங்களில் குரல் கொஞ்சம் தணிந்தது என்பது உண்மை.

வரும் பருவத்தில் கெனிசா கடிதங்கள் படிக்கப் போகிறோம். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெபாலயத்தில் இப்படித் தூக்கியெறியாமல் போட்டு வைத்த தாள்கள்தான் அவை. 1896-97 குளிர்காலத்தில் யூத அறிஞர் சாலமன் ஷெக்டர் அங்கே போய்ப் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். அதில் மங்களூரில் வாழ்ந்த யூத வணிகர் ஆபிரகாம் பென் யிஜுவுக்கு 12ஆம் நூற்றாண்டில் ஏடன் துறைமுகத்திலிருந்து மத்மூன் என்ற வணிகர் எழுதியவையும் உண்டு. சரக்குக் கணக்குக்கு நடுவே, அன்பளிப்பாகக் காகிதம் அனுப்புகிறேன் என்று எழுதுகிறார். அன்றைக்கு மங்களூர்ப் பக்கம் நல்ல காகிதம் கிடைப்பது அவ்வளவு அரிது.

கடைக்காரரே, இந்தத் தாள்களில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டீர்கள். பின்னால் வரிசை நின்றதால் அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். மத்மூனின் கடிதத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன், உட்கார்ந்து முழுசாகப் படித்துக் காட்டுகிறேன். கடையில் எப்போது கூட்டம் குறைவு என்று மட்டும் சொல்லுங்கள்.