அந்தப் பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை

அன்புள்ள கண்ணனுக்கு,

போன வாரம் போனில் நீ சொன்னதற்கு "சரி" என்றுதான் சொன்னேன். ஆனால் செய்யவில்லை. உன் பழைய கேம் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டியது வரை சரியாகத்தான் போனது. மூடியைத் திறந்து மேலே இருந்த சிடியைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "தூக்கிப் போட்டுடும்மா, அதோட பேர்கூட இனிமே யாருக்கும் ஞாபகம் இருக்காது" என்றாயே, எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மேலே இருந்தது தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ் என்ற கம்ப்யூட்டர் ஆட்டம். இரண்டு நாள் ஆடிவிட்டு, "இதுல எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்க" என்று நீ ஓரமாகப் போட்டாய். அப்புறம் அதை எடுத்து முடித்தது நான்தான். நீ தூங்கிய பிறகு, ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரு மாதம். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. "எப்பப் பாத்தாலும் கம்ப்யூட்டரா?" என்று பகலெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தவள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

நீ விட்ட இடம் தாண்டி அது எப்படிப் போகிறது தெரியுமா? 1914 ஜூலை 24 இரவு பாரிஸிலிருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) கிளம்பும் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ். முதல் உலகப் போர் வெடிக்கச் சில நாட்கள்தான் இருக்கின்றன. ராபர்ட் கேத் என்பவன் ஓடும் ரயிலில் தாவி ஏறி நண்பனின் அறைக்குப் போனால், நண்பன் பிணமாகக் கிடக்கிறான். வேறு வழியில்லாமல் செத்தவனின் பெயரிலேயே பயணத்தைத் தொடர்கிறான். ரயிலில் ரஷ்யர்கள், செர்பியர்கள், ஒரு ஜெர்மன் ஆயுத வியாபாரி, வயலின் வாசிக்கும் ஒரு ஆஸ்திரியப் பெண். வரப்போகும் போரே ஆளுக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்த மாதிரி.

அதில் கடிகாரம் நிற்காது. நிஜ நேரத்தைவிட 6 மடங்கு வேகமாக ஓடும். நீ நடைபாதையில் சும்மா நின்றாலும் ரயிலின் உணவகப் பெட்டியில் இருவர் சண்டை போடுவார்கள், பக்கத்து அறையில் யாரோ பெட்டியை மாற்றி வைப்பார்கள். ஒரு பேச்சைக் கேட்கப் போனால் இன்னொன்று போய்விடும். நடுவில் ஒரு கச்சேரி வரும். உட்கார்ந்து முழுதாகக் கேட்கலாம். இல்லை, எல்லோரும் அங்கே இருக்கிற நேரம் பார்த்து நைசாக எழுந்து போய் அறைகளைத் துழாவலாம். முதல் தடவை நான் கச்சேரியைக் கேட்டுவிட்டேன். அதற்கான விலையைப் பின்னால் கொடுத்தேன். நல்லவேளை, கடிகார முள்ளைப் பின்னுக்குத் திருப்ப ஒரு வசதி வைத்திருந்தார்கள். ஒட்டுக்கேட்பதையே ஆட்டமாக வைத்தால் அதில் அம்மாக்களை யார் ஜெயிக்க முடியும், சொல்.

நடிகர்களை வைத்துப் படம்பிடித்து, அந்தக் காலத்துச் சுவரொட்டிகளின் ஆர்ட் நூவோ பாணியில் கோட்டோவியமாக மாற்றிய ஆட்டம் அது. அதனால் ஆட்கள் நடக்கும்போது ஒவ்வொரு படமாகப் புரள்கிற மாதிரி இருக்கும். உனக்கு அது "விட்டு விட்டு" தெரிந்தது. எனக்கு யாரோ பழைய ஆல்பத்தைப் புரட்டிக் காட்டுவது போல் இருந்தது. அதற்காக எல்லாமே அருமை என்று சொல்லமாட்டேன். அந்தக் கத்திச் சண்டைகள் மகா மோசம். எத்தனை தடவை செத்தேன் என்று கணக்கே இல்லை.

இதை உருவாக்கியவர் ஜோர்டன் மெக்னர். 1989-ல் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா செய்தாரே, அவரேதான். அதன் பெயர் உலகத்துக்கே தெரியும். இதற்கென்று 1993-ல் தனி நிறுவனமே தொடங்கி, வருஷக்கணக்கில் உழைத்து 1997-ல் கொண்டுவந்தார். வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், வெளியிட்ட நிறுவனத்தின் விளம்பரப் பிரிவினர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். விளம்பரம் என்று சொல்லும்படி எதுவுமே வரவில்லை. அவ்வளவுதான் கதை. ஆட்டத்தைப் பிடிக்காமல் யாரும் ஒதுக்கவில்லை. அப்படி ஒன்று வந்திருக்கிறது என்றே நிறையப் பேருக்குத் தெரியவில்லை.

பெட்டியில் அதற்குக் கீழே என் குற்ற உணர்ச்சி கிடந்தது. போக்டாய் என்ற ஆட்டம், கேம் பாய் என்னும் கையடக்கக் கருவியில் செருகுகிற கார்ட்ரிட்ஜ். 2003-ல் வந்தது, ஜப்பானிய ஆட்ட வடிவமைப்பாளர் ஹிடியோ கொஜிமா தயாரித்தது. ரத்தக்காட்டேரிகளைச் சுடும் துப்பாக்கிக்குச் சூரிய ஒளிதான் தோட்டா. கார்ட்ரிட்ஜின் தலையிலேயே ஒரு சென்சார் இருக்கும், நிஜ வெயில் அதன்மேல் பட வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் காட்டினால் ஏமாறாது. நீ கேம் பாயைத் தூக்கிக்கொண்டு உச்சிவெயிலில் மாடியில் நின்றாய். "கேமுக்கு வெயில் வேணும்மா" என்றாய். இதைவிட மட்டமான பொய் கிடைக்கவில்லையா என்று கேட்டு, ஒரு வாரம் அதைப் பிடுங்கி வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ சொன்னது அத்தனையும் உண்மை. இருபது வருஷம் தாமதமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது யோசித்தால் அது எவ்வளவு துணிச்சலான யோசனை! வீட்டுக்குள் உட்கார்ந்து ஆடுவதைப் பிள்ளையை வெளியே அனுப்பும் ஆட்டமாக மாற்றியிருக்கிறார்கள். அதுவே அதற்கு எமனும் ஆனது. கம்ப்யூட்டரில் எமுலேட்டர் (பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருள்) வைத்து ஆடலாம்தான். ஆனால் அங்கே வெயில் எவ்வளவு என்று நாமே ஒரு அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நகர்த்துகிற பட்டன் சூரியனாகுமா?

வெண்ணிறக் கோடுகளில் துள்ளும் முயலையும் கண்டுபிடித்தேன். 1999-ல் ஜப்பானில் வந்த விப்-ரிப்பன். கறுப்புத் திரையில் ஒரு கோடு, அதன்மேல் நடக்கும் முயல், வேறு ஒன்றுமில்லை. தப்பு செய்தால் முயல் தவளையாகும், மேலும் தப்பு செய்தால் புழுவாகும். இதன் சூட்சுமம் இதுதான்: பிளேஸ்டேஷனின் நினைவகமே 2 எம்பி, மொத்த ஆட்டமும் அதற்குள் அடங்கிவிடும். அதனால் ஆட்டத்தின் சிடியை வெளியே எடுத்துவிட்டு, நம்மிடம் இருக்கிற பாட்டு சிடியைப் போடலாம். அந்தப் பாட்டுக்கு ஏற்ற மேடு பள்ளங்களை அதுவே போட்டுக்கொடுக்கும். நான் மெல்லிசை சிடி போட்டேன், முயல் பூங்காவில் உலாவுவது போல் போனது. நீ உன் நண்பர்களின் சத்தமான சிடியைப் போட்டாய், இரண்டே நிமிடத்தில் புழு. அமெரிக்காவில் அது 2014 வரை வெளியாகவே இல்லையாம். இன்றைக்குப் பாட்டு சிடி வைத்திருப்பவர்களே எத்தனை பேர் என்று நினைத்தபோதுதான், சில ஆட்டங்களோடு அவற்றைச் சுற்றியிருந்த பழக்கங்களும் சேர்ந்து போய்விடுகின்றன என்று தோன்றியது.

எனக்கு வருத்தமில்லை, கோபமே வருவது 2000-ல் வந்த நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர் விஷயத்தில். 1960-களில் நடக்கும் கதை, கேட் ஆர்ச்சர் என்ற பெண் உளவாளி. காவலாளிகள் நின்று வீட்டுக் கஷ்டம், வேலைக் கஷ்டம் எல்லாம் பேசிக்கொள்வார்கள். அவர்களைச் சுட மனசு வராமல் பேச்சு முடியும்வரை ஒளிந்திருந்து கேட்பேன் (பார்த்தாயா, மறுபடியும் ஒட்டுக்கேட்பு). அதை இன்று காசு கொடுத்து வாங்க முடியாது. நிறுவனங்கள் ஒன்றை ஒன்று விழுங்கி, கைமாறி, உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே தெளிவில்லாமல் போய்விட்டது. மறுபடி வெளியிட ஆசைப்பட்டு ஒரு நிறுவனம் எல்லோர் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. சொத்துக்கு அடித்துக்கொண்டால் கூடப் பரவாயில்லை. இங்கே சொத்து யாருடையது என்றே தெரியாமல் பூட்டிக் கிடக்கிறது.

இது ஒன்றிரண்டு ஆட்டங்களின் கதை இல்லை. பழைய ஆட்டங்களைப் பாதுகாக்கும் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த ஆட்டங்களில் 87 சதவீதத்தை இன்று முறையாக வாங்க வழியில்லை என்றது. அதில் பாதிக்குமேல் குப்பையாகக்கூட இருக்கலாம், நானே நிறையக் குப்பை ஆடியிருக்கிறேன். ஆனால் எது குப்பை என்று ஆடிப் பார்த்துச் சொல்லவாவது கிடைக்க வேண்டாமா?

சில திரும்பியும் வருகின்றன. மூன் என்று ஒன்று, 1997-ல் ஜப்பானிய மொழியில் வந்தது. ஊர் ஊராகப் போய் மிருகங்களைக் கொன்று பெயர் வாங்கும் வீரனுக்குப் பின்னால், அவன் கொன்ற உயிர்களின் ஆன்மாக்களைக் காப்பாற்றிக்கொண்டே போகும் ஒரு சிறுவனாக நாம் ஆட வேண்டும். ஆங்கிலத்தில் வர 2020 வரை ஆனது. போன வருஷம் ஆடினேன். நீ வரும்போது கொடுக்கிறேன், அதைப் பற்றி இப்போதே சொன்னால் கெட்டுவிடும்.

அப்புறம், சொல்லத் தயங்கிய ஒன்று. உன் பழைய கேம் பாய் கார்ட்ரிட்ஜைப் போட்டுப் பார்த்தேன். நீ சேவ் பண்ணி வைத்திருந்தது எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனால் சேவ் எல்லாம் அழிந்துவிடுமாம். பக்கத்து வீட்டுப் பையன் சால்டரிங் செய்து புது பேட்டரி வைத்துக்கொடுத்தான். இப்போது சேவ் ஆகிறது, ஆனால் எட்டு வயதில் நீ எழுத்துப்பிழையோடு அடித்த உன் பெயர் போய்விட்டது. புதிதாகப் பெயர் கேட்டது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பெயரைப் போட்டேன்.

நேற்று ராத்திரியிலிருந்து ஒரு இருட்டுக் குகைக்குள் போய் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். நீ அன்றைக்கு நோட்டுக்குப் பின்னால் வரைபடம் போட்டு வைத்திருந்தாய், அந்த நோட்டைக் காணோம். இடது பக்கமா, வலது பக்கமா என்று ஞாபகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

அன்புடன்,
அம்மா