அடைகாக்கும் அப்பன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அடை வைத்த கோழி பதினோரு குஞ்சு பொரித்ததை எழுதியிருந்தாய். அதைப் படித்த கையோடு, போன ஞாயிறு நான் பார்த்ததை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே ஆஸ்திரேலியாவில், இன்னிஸ்ஃபெயில் என்ற ஊருக்குப் பக்கத்தில் எட்டி பே என்று ஒரு சின்ன கடற்கரை. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் மழைக்காடு மலையிலிருந்து மணல் வரை இறங்கி வரும் இடம். காலை ஏழு மணிக்கு மரத்தடியிலிருந்து ஒரு கேசோவரி வெளியே வந்தது, பறக்காத பெரிய பறவை. கறுத்த உடம்பு, நீலக் கழுத்து, தலையில் கொண்டை. பின்னாலேயே மூன்று குஞ்சுகள், அணில் முதுகு மாதிரி கோடு போட்டு.

அது அம்மா இல்லையடா, அப்பன்! பெட்டைதான் உருவத்தில் பெரியது. முட்டையிட்டதோடு அதன் வேலை முடிந்தது, அடுத்த சேவலைத் தேடிப் போய்விடும். பச்சை நிற முட்டைகளைச் சருகில் வைத்துச் சேவல்தான் ஐம்பது நாள் அடைகாக்கும். உன் கோழிக்கு இருபத்தொரு நாள், நடுவில் இறங்கி வந்து இரை பொறுக்கவும் செய்யும். இதுவோ அந்த நாட்களில் ஏறக்குறைய பட்டினிதான். அப்புறம் ஒன்பது மாதம் போலக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும்.

உதிர்ந்து கிடந்த ஒரு பழத்தை அது அலகில் எடுத்தது, விழுங்காமல் கீழே போட்டது. குஞ்சுகள் ஓடி வந்து கொத்தின. மறுபடி எடுத்தது, மறுபடி போட்டது. நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் நாய் குரைத்ததும் அதன் இறகெல்லாம் சிலிர்த்துவிட்டது. உள்விரல் நகம் அரைச் சாண் கத்தி மாதிரி இருக்கும், அதனால் நான் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை.

திரும்பும் வழியில் ஒருவர் கார் ஜன்னல் வழியாக இன்னொரு பறவைக்கு வாழைப்பழம் நீட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. தீனி போடக்கூடாது என்று இங்கே சட்டமே இருக்கிறது. ருசி கண்ட பறவை சாலையோரத்திலேயே நிற்கும், வேகமாக வரும் கார் அடித்துவிடும். அப்பன் செத்தால் அந்தக் குஞ்சுகளுக்கு வேறு யார்? இறங்கிப் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சரி, உன் பதினொன்றில் பருந்துக்குப் போனது போக எத்தனை மிச்சம்? எழுது.

உன்,
ரவி