சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

போன மாதம் ஒரு ராத்திரி உன்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பிப் பேச வேண்டும் போலிருந்தது. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்ததால் விட்டுவிட்டேன். மறுநாள் சொல்லலாம் என்று பார்த்தால், போனில் சொல்லிப் புரியவைக்கிற விஷயமாகவும் அது இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். சேம்பர் ராக் என்று ஒன்று இருக்கிறது, உன் பக்கத்து வாத்தியங்களும் என் பக்கத்து டிரம்ஸும் ஒரே சிறு குழுவில் உட்காருகிற இசை. அதைப் பற்றித்தான். பொதுவில் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. ராக் கேட்கிற தம்பியும், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட வயோலாவைப் பயில்கிற அக்காவும் ஒரே கூரையின் கீழ் இருந்த வீடு நம்முடையது மட்டுமா என்ன?

அந்தச் சண்டை உனக்கு ஞாபகமிருக்கும். உன் அறையில் நீ சாதகம் செய்துகொண்டிருப்பாய். அடுத்த அறையில் நான் ஸ்பீக்கரை அலறவிடுவேன். நீ வந்து ஒரு வார்த்தை திட்டியதில்லை. கதவைச் சாத்துவாய், அவ்வளவுதான். நான் ரசித்த அத்தனை இசைக்கும் உன் விமர்சனம் அந்த 'டப்' சத்தம்தான்.

ஒருநாள் நானே சமாதானத்துக்கு வந்தேன். உன் ஆட்களும் என் ஆட்களும் ஒரே மேடையில் வாசித்திருக்கிறார்கள், வந்து கேள் என்று கூப்பிட்டு உட்காரவைத்தேன். டீப் பர்ப்பிள் குழு 1969 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசித்த கான்செர்ட்டோ, அதாவது குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் எதிரெதிரே நின்று வாசிக்கும் நீண்ட படைப்பு. எழுதியவர் அவர்களுடைய கீபோர்டுக்காரர் ஜான் லார்ட். ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் மால்கம் ஆர்னால்ட். நீ பத்து நிமிடம் கேட்டாய். "இவங்க வாசிக்கும்போது அவங்க காத்திருக்காங்க, அவங்க வாசிக்கும்போது இவங்க காத்திருக்காங்க. இதுல சேர்ந்தது எங்கே?" என்றாய். எழுந்து போனாய். டப்.

எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இப்போது ஒப்புக்கொள்கிறேன், நீ சொன்னது முக்கால்வாசி சரி. ஜான் லார்ட் முதல் பகுதியை வேண்டுமென்றேதான் இரண்டு கட்சிகளின் போட்டி மாதிரி எழுதினார் என்பது வேறு விஷயம். ஆனாலும் அந்தக் காலத்து ராக் குழுக்களுக்கு ஆர்கெஸ்ட்ரா மேல் இருந்த மயக்கம் பெரும்பாலும் பிரம்மாண்டத்தின் மேல் இருந்த மயக்கம்தான். எமர்சன், லேக் அண்ட் பால்மர் குழு 1977-ல் எழுபது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவையே கூட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பியது. செலவு கட்டுப்படியாகாமல் சில கச்சேரிகளிலேயே அவர்களை அனுப்பிவிட்டு, பழையபடி மூன்று பேராக வாசித்தார்கள்.

சம்பந்தம் பேசப் போன வீடே தப்பு, அக்கா. ராக் குழுவுக்கு உங்கள் பக்கத்தில் சொந்தக்காரன் ஒருவன் இருக்கிறான். அவன் ஆர்கெஸ்ட்ரா இல்லை, ஸ்ட்ரிங் குவார்டெட். உன்னிடம் இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை, இருந்தாலும் சொல்கிறேன். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நாலே பேர், ஆளுக்கு ஒரு பகுதி. அதை வாசிக்க வேறு ஆள் இல்லை. முன்னால் நின்று கோலசைக்கிறவரும் இல்லை. ஒருவர் மூச்சு விடுவதைப் பார்த்து இன்னொருவர் வில்லை எடுக்க வேண்டும். ஒருவர் தப்பு செய்தால் ஒளிந்துகொள்ள இடமில்லை. ராக் குழுவும் அச்சு அசல் இப்படித்தான். இதை நான் புத்தகம் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. அந்த ராத்திரி கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நண்பன் ஒருவன் பெயர், ஊர் எதுவும் சொல்லாமல் அனுப்பிய ஒரு பதிவு. விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். தொடக்கத்தில் மெட்டு என்று பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஏதோ முனகல். ஆர்மோனியத்தின் கனத்த காற்று. பிறகு பஸூன் என்கிற அந்த நீண்ட மர ஊதுகுழல் வந்தது, அதன் மேல் உன் வயோலா வந்தது. சரி, ஹங்கேரியின் கம்போசர் பார்ட்டோக்குக்குப் பின்னால் வந்த யாரோ, நமக்குத் தெரியாத ஒரு கம்போசர் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் பாஸ் கிட்டார் உள்ளே நுழைந்தது. அடுத்து டிரம்ஸ். எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

யூனிவேர் ஸீரோ என்ற பெல்ஜியக் குழு அது. 1974-ல் தொடங்கிய குழு. அந்தப் பதிவு 1979-ல் வந்த 'எரேஸி' என்ற இசைத்தட்டின் முதல் பக்கம். பெயர் 'லா ஃபோ', அதாவது கதிரறுக்கிற நீண்ட அரிவாள். இருபத்தைந்து நிமிடம் ஓடுகிறது. ஆர்கெஸ்ட்ராவுக்கான இடமே அதில் இல்லை. மொத்தம் ஐந்தே பேர். டானியல் டெனி டிரம்ஸ், மிஷேல் பெர்க்மான்ஸ் பஸூனும் ஓபோவும், ரோஜே ட்ரிகோ கிட்டாரும் ஆர்மோனியமும், கி செகர்ஸ் பாஸ் கிட்டார். ஐந்தாவது ஆள் பாட்ரிக் அனாப்பியே. அவர் கையில் வயலின், வயோலா. ஒரு ராக் குழுவில் வயோலாவை யாராவது இப்படி நடுவில் உட்காரவைத்து நீ கேட்டிருக்கிறாயா?

முதலில் பஸூனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை நான் கோமாளி வாத்தியம் என்று நினைத்திருந்தேன். கார்ட்டூனில் குண்டு மனிதர் நடந்து வந்தால் பின்னால் ஊதுவார்களே, அது. சுமார் எட்டடிக் குழாயை மடித்துச் செய்த அந்த மரத்துக்குள் இவ்வளவு கோபம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அடிமட்டச் சுரங்களில் பஸூனும் பாஸ் கிட்டாரும் ஒரே வரியை ஒன்றாக வாசிக்கும்போது எது மரம், எது மின்சாரம் என்று பிரிக்கவே முடியவில்லை. பஸூனின் வாயில் வைத்து ஊதும் இரட்டை நாணலின் கரகரப்பும், ஆம்ப்ளிஃபயரை முறுக்கிவிட்டால் கிட்டாரில் வரும் கரகரப்பும் பங்காளிகள் என்று இப்போது தோன்றுகிறது. உங்கள் ஸ்ட்ராவின்ஸ்கி 1913-லேயே 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' பாலேயைத் தனி பஸூனில்தானே தொடங்கினார், அதுவும் அந்த வாத்தியம் கஷ்டப்படும் உச்சத்தில். அன்றைக்கே அவர் அதைக் கோமாளியாக நினைக்கவில்லை. நான்தான் லேட்.

ராக் குழுவில் பஸூன் வாசித்தவர்களில் இன்னொரு பெயர் லிண்ட்சே கூப்பர். முறையாகப் பயின்ற பஸூன் கலைஞர். 1974-ல் ஹென்றி கவ் என்ற ஆங்கிலேயக் குழுவில் சேர்ந்தார். அவர்களுடைய கடைசி ஸ்டூடியோ தட்டான 'வெஸ்டர்ன் கல்ச்சர்' 1979-ல் வந்தது. அதன் இரண்டாம் பக்கம் பெரும்பாலும் அவர் எழுதியது. பாட்டே கிடையாது, வாத்தியங்கள் மட்டும்தான். முதல் தடவை கேட்டபோது துண்டு துண்டாக இருந்தது. நாலாவது தடவையில்தான், ஒரு வாத்தியம் பாதியில் விட்ட வாக்கியத்தை இன்னொன்று எடுத்து முடிக்கிறது என்று பிடிபட்டது. நீங்கள் நாலு பேர் ஒத்திகையில் செய்வது அதுதானே?

அடுத்தது டிரம்ஸ். உன் பழைய புகார் அங்கேதான் என்று தெரியும். "வயோலா பேசும்போது டிரம்ஸ் ஏன் கத்துது?" டெனியின் டிரம்ஸ் கத்துவதில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவர் தாளத்தைப் பிடித்துக்கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் இல்லை. குழுவின் பெரும்பகுதி இசையை எழுதுகிறவரே அவர்தான். ஐந்து எண்ணிக்கை, ஏழு எண்ணிக்கை என்று தாளம் மாறிக்கொண்டே போக, மெட்டு எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே டிரம்ஸும் வாங்குகிறது. மெட்டு விழுகிற சுரத்தின் மேலேயே அடி விழுகிறது.

இதற்கு நீ கேட்டுப் பழகிய உதாரணமே இருக்கிறது. பார்ட்டோக்கின் நாலாவது குவார்டெட், 1928. நாலாவது பகுதி முழுக்க வில்லே கிடையாது, விரலால் மீட்டுவது மட்டும். நடுநடுவே தந்தியை இழுத்துவிட்டால் அது விரல்பலகையில் 'சடார்' என்று அடிக்குமே, அதை நீ எனக்கு ஒருமுறை செய்து காட்டினாய். தந்தி அறுந்துவிட்டது என்று பயந்துபோனேன். அந்த 'சடார்' டிரம்ஸ் இல்லாமல் வேறென்ன? ஷோஸ்டகோவிச்சின் எட்டாவது குவார்டெட்டில் யாரோ கதவை இடிப்பது போல வரும் மூன்று அடிகளும் அப்படித்தான். உங்கள் பக்கத்தில் டிரம்ஸ் எப்போதும் இருந்தது, வாத்தியம்தான் வேறு. தாள வாத்தியமே வேண்டுமென்றால் 1918-லேயே ஸ்ட்ராவின்ஸ்கி 'படைவீரனின் கதை'யை ஏழு பேருக்கு எழுதிவிட்டார். வயலின், டபுள் பாஸ், கிளாரினெட், பஸூன், கார்னெட், டிராம்போன், கூடவே தாள வாத்தியங்கள். அந்தப் பட்டியலைப் பார். பாஸ் கிட்டார் ஒன்றைச் சேர்த்தால் யூனிவேர் ஸீரோவின் அண்டைவீடு.

வரலாற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன், உனக்கு அதில் ஆர்வம் இருக்காது. 1978 மார்ச் 12-ஆம் தேதி ஹென்றி கவ் லண்டனில் ஒரு கச்சேரி ஏற்பாடு செய்தது. இத்தாலி, ஸ்வீடன், பிரான்ஸ், பெல்ஜியம் என்று நாட்டுக்கு ஒரு குழு. 'ராக் இன் ஆப்போசிஷன்' என்று பெயர். இசைத்தட்டு நிறுவனங்கள் நீங்கள் கேட்க வேண்டாமென்று நினைக்கும் இசை என்பதுதான் அவர்களுடைய கோஷம். அதில் பெல்ஜியத்திலிருந்து போனது யூனிவேர் ஸீரோ. சேம்பர் ராக் என்று இப்போது சொல்கிறோமே, அதன் முக்கியமான வேர்களில் ஒன்று அந்த மேடையில்தான் இருக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ சொல்வாய். 'எரேஸி' தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே இழவு வீடு. கேட்டு முடித்தபின் சிரிக்கவே பத்து நிமிடம் ஆகும். பயமுறுத்த வேண்டும் என்றே சில இடங்களில் பயமுறுத்துகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் ஓவராகத்தான் படுகிறது. இரண்டாவது குறை இன்னும் பெரியது. மரமும் மின்சாரமும் ஒரே அறையில் வாசித்தால் மரம்தான் தோற்கும். அனாப்பியேயின் வயோலா சில இடங்களில் பாஸ் கிட்டாருக்கு அடியில் காணாமல் போகிறது. வில் அசைவது மட்டும் தெரிகிறது, சுரம் தெரியவில்லை. நீ கேட்டால் பல்லைக் கடிப்பாய்.

அந்தப் பிரச்சினையை வேறு மாதிரி தீர்த்தவர்களும் உண்டு. பிரான்ஸின் ஆர் ஸொய்ட் குழு 1976-ல் வெளியிட்ட முதல் தட்டில் டிரம்ஸையே எடுத்துவிட்டார்கள். வயலின்களும் ட்ரம்பெட்டும் பாஸ் கிட்டாரும் தாளத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்கின்றன. பின்னால் பெல்ஜியத்திலேயே அரானிஸ் என்று ஒரு குழு வந்தது. முதல் தட்டு 2005. டபுள் பாஸ் வாசிக்கும் யோரிஸ் வான்வின்கென்ராய் எழுதிய இசை. வயலின், புல்லாங்குழல், அக்கார்டியன், பியானோ. அதிலும் டிரம்ஸ் இல்லை. ஆனாலும் அது ராக்தான் என்று உன் கால் உன்னிடம் சொல்லிவிடும். உனக்கு முதலில் இதைத்தான் கொடுத்திருக்க வேண்டுமோ என்று இதை எழுதும்போது தோன்றுகிறது.

இல்லை, வேண்டாம். சுலபமானதைக் கொடுத்து உன்னை ஏமாற்ற மாட்டேன். 'லா ஃபோ'வையே அனுப்புகிறேன். நீ வயோலாவை மடியில் வைத்துக்கொண்டு கேள். அனாப்பியே எங்கே மூழ்கிப்போகிறார் என்று குறித்துவை. அந்த இடத்தில் நீயாக இருந்தால் எந்தத் தந்திக்குப் போயிருப்பாய், வில்லை எவ்வளவு அழுத்தியிருப்பாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆனால் ஆரம்பத்திலேயே எழுந்துவிடாதே. வயோலா கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

அக்கா, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. அந்த நாட்களில் நீ கதவைச் சாத்திய பிறகு நான் தண்ணீர் குடிக்கப் போவது போல வெளியே வருவேன். இரண்டு அறைக்கும் நடுவில் நின்றால் வலது காதில் என் டிரம்ஸ், இடது காதில் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து உன் வயோலா. எப்போதாவது, ஒரு நாலைந்து விநாடி, இரண்டும் ஒரே தாளத்தில் விழும். உடனே விலகிப்போகும். அது மறுபடி விழுமா என்று நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன். நீ சுருதி கூட்ட நிறுத்தினால் எரிச்சலாக வரும்.

பதிவை அனுப்பிவிட்டேன். பிடிக்கவில்லையென்றால் பத்து நிமிடத்தில் எழுந்து போ. கதவை மட்டும் சாத்தாதே.

அன்புடன்,
தம்பி